ஆரோக்கியப்பச்சையும் காணி மக்களும்: கேள்வி பதில்

கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் ஆரோக்கியப்பச்சை மூலிகை, அதிலிருந்து வந்த, களைப்பைப் போக்கும் 'ஜீவனி' மருந்து பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், பழங்குடி அறிவில் வந்த லாபத்தை அவர்களோடு பங்கிட்டதில் ஜீவனியை உலகத்துக்கே முன்மாதிரி என்று பாடத்தில் படித்தோம். என்னதான் நடந்தது?

1987இல் ஓர் ஆய்வுக்குழு அகத்தியமலையில் ஏறியது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஏதோ சின்னக் காய்களை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆய்வாளர்களுக்கோ மூச்சு வாங்கியது. என்ன காய் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் புஷ்பாங்கதன் குழு அதை ஆராய்ந்தது. அதோடு அஸ்வகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி உருவானது. 1990களின் நடுவில் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருட உரிமம் கொடுத்தார்கள்: பத்து லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதி காணிகளுக்கு. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது.

சம்மதம் வாங்கினார்களா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

இன்று நாம் கேட்கும் அர்த்தத்தில் இல்லை. 1987இல் அப்படிக் கேட்கச் சொல்லும் சட்டமே கிடையாது. இதைப் பேசும் சர்வதேச ஒப்பந்தமான உயிரியல் பன்மய உடன்படிக்கை வந்தது 1992இல். அதனால் ஆய்வாளர்களைத் திருடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் எதுவும் கேட்காதபோதே பாதியைக் கொடுத்தார்கள், அது பெரிய விஷயம்.

ஆனால் செடியைக் காட்டியவர்கள் வழித்துணைக்கு வந்த சில இளைஞர்கள். காணிகளிடம் மருத்துவம் பார்ப்பவர்கள் பிலாத்திகள். 1995இல் பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்காதீர்கள் என்று கேரள முதல்வருக்கே கடிதம் எழுதினார்கள். குட்டிச்சல் பகுதிக் காணிகள் திட்டத்தோடு ஒத்துப்போக, மற்ற ஊர்களில் எதிர்ப்பு இருந்தது. அறக்கட்டளை பதிவானதோ உரிமம் கொடுத்து முடித்த பிறகு. பங்கு எவ்வளவு என்று பேசிய மேசையில் காணிகளுக்கு நாற்காலி இல்லை. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இல்லாத இடத்தில் வாங்கியதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

2 சதவீதம் ரொம்பக் குறைவு இல்லையா?

எல்லோரும் இதிலேயே நிற்கிறார்கள். மருந்து விற்றால்தானே சதவீதம்! இந்தச் செடி காட்டு நிழலில் வளர்ந்தால்தான் மருந்துக்கு உதவும் என்றார்கள். இலைக்காகக் காணிகளே பயிரிடத் தொடங்கினார்கள். காட்டுச் செடியையும் பறித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று வனத்துறை தடுத்தது. இலை வரத்து நின்றால் மருந்து எங்கே, ராயல்டி எங்கே? அதுவும் போக, வெளிநாடுகளில் யாரும் உரிமையைக் காக்கவில்லை; அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. அறிவு காணிகளுடையது, செடி நிற்கும் மண் வனத்துறையுடையது என்று இருக்கும்வரை 2 என்ன, 20 சதவீதம் போட்டாலும் காகிதத்தில்தான்.

அக்கா, நான் பாபநாசம் பக்கம். எங்கள் மலையிலும் காணிகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு?

அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் கணக்கில் வரவில்லை. ஓர் அறிவு இரண்டு மாநிலத்து மக்களுக்குச் சொந்தமானால் பங்கு எப்படி என்பதற்குச் சட்டத்தில் இன்னும் தெளிவில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2002 உயிரியல் பன்மயச் சட்டம்தான் அடிப்படை. வெளிநாட்டு நிறுவனம் என்றால் சென்னையிலுள்ள தேசிய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். உள்நாட்டு நிறுவனமும் பங்கு தர வேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 திருத்தம் ஆயுஷ் மருத்துவர்களுக்கும், நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும் விலக்கு தந்தது. கம்பெனிகளுக்கு நல்ல சந்து என்பது என் கருத்து. நான் அதிகம் நம்புவது 2006 வன உரிமைச் சட்டத்தை. பாரம்பரிய அறிவின் மேல் சமூக உரிமையையும் காட்டின் மேல் உரிமையையும் அது ஒன்றாகப் பேசுகிறது.

எல்லாவற்றையும் பாரம்பரிய அறிவைப் பதிந்து வைக்கும் அரசு டிஜிட்டல் நூலகத்தில் ஏற்றிவிட்டால் போதாதா?

காப்புரிமையைத் தடுக்க உதவும். 1995இல் அமெரிக்கா கொடுத்த மஞ்சள் காப்புரிமை 1997இல் ரத்தானது பழைய நூல் ஆதாரங்களைக் காட்டித்தான். ஆனால் பங்கு வாங்கித் தராது. வாய்மொழியாகக் காத்துவந்த ரகசியம் ஒருமுறை வெளியானால் திரும்ப உள்ளே போகாது.

முனைவர் பட்டத்துக்காக மலைக்கிராம வைத்தியர்களைச் சந்திக்கப் போகிறேன். என்ன செய்யணும்?

கையெழுத்துப் படிவத்தோடு முதல் நாளே போகாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் பேச்சிலேயே விஷயத்தைச் சொல்லி, தங்களுக்குள் பேசக் கொஞ்ச நாள் விடுங்கள். பிலாத்தி போன்ற வைத்தியர்களைத் தனியாகவும் கேளுங்கள். செடியின் பெயர், பாகம், அளவு மூன்றையும் கட்டுரையில் அச்சிட்டால் அதை யாரும் எடுக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதை எழுதக்கூடாது என்று அவர்களே சொல்லட்டும். நாளை ஒரு கம்பெனி வந்து கேட்டால் உங்கள் கல்லூரி என்ன செய்யும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கி, ஒரு நகலை ஊரில் கொடுத்துவிடுங்கள். மறுத்துவிட்டால், சரி என்று தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.