கூலியை உயர்த்தினால் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் மூடிவிடுமா?

மூடிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எஸ்டேட்டையும் சிறு விவசாயியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது: மூன்று பேருக்குச் சமமான குடும்பம், தலைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அப்புறம் வாடகை, விறகு, விளக்கு. 1991ல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமைக்கென்று 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. இது பிச்சைக் கணக்கு அல்ல, உயிர் வாழும் கணக்கு.

எஸ்டேட்டில் நான் கவனிக்கச் சொல்வது எடை போடும் இடத்தை. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் கொழுந்து கணக்கில் ஏறும். நாள் கூலியைக் கூட்டிவிட்டு, பறிக்க வேண்டிய அடிப்படைக் கிலோவையும் கூட்டினால் கொழுந்து பறிக்கும் அம்மாவின் கைக்கு என்ன மிஞ்சும்? கூலி உயர்வைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சிறு விவசாயி நிலைமை வேறு. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை போகும். அதன் விலையை அவர் வைப்பதில்லை. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை ஒட்டித்தான் அவருக்குக் கிடைக்கும். அவரிடம் கூலியை மட்டும் ஏற்றச் சொல்வது நியாயமில்லை, இலை விலையும் ஏற வேண்டும்.

சரி, கூலியை ஏற்றாமலே விட்டால்? தொழிலாளர்களின் பிள்ளைகள் ஏற்கெனவே திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். பறிக்க ஆளில்லாமல் இலை முற்றினாலும் தோட்டத்துக்கு நஷ்டம்தான்.