படகு போன இரவில் ரிமோட் யார் கையில்?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். இதழியல் எம்.ஏ. இறுதியாண்டு. மீனவக் குடும்பங்கள் டிவி பார்ப்பதைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. "டிவி காலம் முடிஞ்சுபோச்சு, ஓடிடி எடு, 300 பேரிடம் கேள்வித்தாள் வாங்கு" என்கிறார் கைடு. எங்கள் தெருவில் அம்மாக்கள் சீரியலை விடவில்லை, தம்பிகள் போனை விடவில்லை. நான் எதை எடுப்பது?

பதில்: டிவியையே எடுங்கள். ஆனால் போனைத் தள்ளிவைக்காதீர்கள்.

உங்கள் கைடு சொல்வது பல வருடமாக நடக்கும் விவாதம். டிவி சாகவில்லை, அது வீட்டுக்கு வந்துசேரும் வழிதான் மாறியிருக்கிறது என்று ஆமண்டா லாட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ராத்திரி ஹாலில் ஓடிய சீரியலையே மறுநாள் மதியம் யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். அதை டிவிக் கணக்கில் எழுதுவதா, போன் கணக்கிலா? உங்கள் தெருவை வைத்தே இதற்கு விடை தேடலாம்.

எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் டிஆர்பியில் அந்த விடை கிடைக்காது. 2015 முதல் அதை அளப்பது பார்க் (BARC) அமைப்பு. சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு சேர்ந்து வரும். வீட்டில் வைத்த மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் என்று பதிந்துகொள்ளும். பார்ப்பது யார் என்று தெரிய, வீட்டில் ஒவ்வொருவரும் தனக்குரிய பட்டனை அமுக்க வேண்டும். நாட்டில் 21 கோடி வீடுகளில் டிவி இருப்பதாக 2020ல் பார்க் சொன்னது. மீட்டர் உள்ள வீடுகளோ அரை லட்சத்தை ஒட்டித்தான். மாநில அளவில் போக்கு தெரிய இது உதவும். பாம்பன் வேறு, ஏர்வாடி வேறு என்று பிரித்துச் சொல்ல உதவாது. 2020 அக்டோபரில் டிஆர்பி மோசடி வழக்கு வந்தபின் செய்திச் சேனல்களின் ரேட்டிங் நின்று, 2022 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. இதை முன்னுரையில் ஒரு பத்தியில் சொன்னால் போதும்.

உங்களுக்கு வேறு ஊர் மாணவர்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகின்றன. ஒரே வீடு, ஒரே டிவி. ஆண்கள் இல்லாத இரவும் இருக்கும் இரவும் வாரம் முழுக்க மாறி மாறி வருகின்றன. தென் லண்டனில் 18 குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, ரிமோட் பெரும்பாலும் அப்பா கையில்தான் இருக்கிறது என்று 1986ல் எழுதினார் பிரிட்டிஷ் ஊடக ஆய்வாளர் டேவிட் மார்லி. தங்கச்சிமடத்தில் புதன் ராத்திரி அது யார் கையில்? வியாழன் ராத்திரி யார் கையில்? அம்மா பாதியில் எழுந்து போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவது எந்த ராத்திரி? மார்லிக்கு 18 குடும்பம் போதுமாக இருந்தது, எம்.ஏ. ஆய்வேட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தாராளம். 300 கேள்வித்தாளில் 'தினமும் 2 மணி நேரம்' என்று டிக் அடித்துக் கொடுப்பார்கள். படகு போன நாள், வந்த நாள் எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்துவிடும்.

முடிந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்திலும் அதே வீடுகளுக்குப் போங்கள். விசைப்படகு ஆட்கள் இரண்டு மாதமும் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் அந்த வீடுகளைத் தனியாக வையுங்கள். பெரியவர்கள் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டி இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்த கதையைச் சொல்வார்கள். நல்ல கதைதான், பதிவு செய்யுங்கள். ஆனால் ஓர் அத்தியாயத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

சீரியலோடு நின்றுவிடாமல் செய்தியையும் சேருங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. உங்கள் கரை டிவி பார்க்கிற இடம் மட்டுமில்லை, டிவியில் அடிக்கடி வருகிற இடமும்கூட. 'எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைது' என்று கீழே ஓடும் வரியை விசைப்படகு வீட்டில் எப்படிப் படிக்கிறார்கள்? படகு எண் எது, எந்த ஊர் ஆள் என்றுதானே கண் முதலில் போகும்? விசைப்படகின் இழுவலையால் தன் வலையும் மீனும் போகிறது என்று குமுறும் நாட்டுப்படகு வீட்டில் அதே வரிக்கு என்ன பேச்சு எழுகிறது? செய்தி சொன்னபடியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மறுப்பது, அடியோடு எதிர்த்துப் படிப்பது என்று ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973ல் மூன்று நிலைகளைப் பிரித்தார். மூன்றும் உங்கள் ஊரில் ஒரே வீட்டுத் திண்ணையில் கிடைக்கலாம். அதே செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு எந்த நேரத்தில், யார் குரல் பதிவோடு வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். டிவியா போனா என்ற விவாதத்துக்கு உங்கள் பங்கு அதில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆள் சிறையில் இருக்கிற வீட்டில் ஏற்கெனவே பல கேமராக்கள் நுழைந்திருக்கும். அங்கே முதல் நாளே ரெக்கார்டரை எடுக்காதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பெயரையும் படகு எண்ணையும் ஆய்வேட்டில் மாற்றிவிடுங்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலிக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். மைக் பிடித்து இந்த மக்களிடம் பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

கைடிடம் தலைப்பை இப்படிக் கொடுங்கள்: 'கடலுக்குப் போகும் நாளும் கரையில் இருக்கும் நாளும்: தங்கச்சிமடம் மீனவக் குடும்பங்களில் டிவியும் கைபேசியும்'. அவர் கேட்கும் ஓடிடியும் இதில் வந்துவிடும். எண்ணிக்கை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பன்னிரண்டு வீட்டில் இரண்டு வாரம் எழுதிய மாலை நேரக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். 168 மாலைகள் வரும்.