ஜி2 கணிதம் படிக்கும் மகனுக்குப் பொறியியல் கிடைக்குமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில், ஜி2 என்ற நடு நிலையில் கணிதம் படிக்கும் மகனுக்குப் பொறியியல் கிடைக்குமா? அதற்காக நகையை அடகு வைத்தாவது பெரிய துணைப்பாட நிலையத்தில் சேர்க்கலாமா? முதல் கேள்விக்குப் பதில், கிடைக்கும். நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூட "ஜி2வா?" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் பிள்ளைகளை மொத்தமாக வகைபிரித்த பழைய எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகளின் கணக்கிலேயே இருக்கிறார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் கிடையாது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஜி1, ஜி2, ஜி3 என்று தனித்தனி நிலை, ஜி3தான் கடினமானது. உங்கள் மகன் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அறிவியலுக்கு அடைவுநிலை 5 எடுத்திருக்கிறான் (எண் குறையக் குறைய நல்லது). அப்படியானால் அறிவியலை ஜி3யில் எடுக்க அவனுக்கு ஏற்கெனவே தகுதி உண்டு. எடுத்திருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

கணிதத்தில் அவனுக்கு அடைவுநிலை 6. அதனால் ஜி2. ஆனால் அது நான்கு வருடத்துக்குமான முத்திரை இல்லை. இந்த ஆண்டு நன்றாகச் செய்தால் ஜி3க்கு மாறுவது பற்றிப் பள்ளியிடம் பேசலாம், முடிவு பள்ளியுடையது. என் அனுபவத்தில் மாறுவதென்றால் உயர்நிலை இரண்டுக்குள் மாறுவது நல்லது. மூன்றாம் ஆண்டில் விட்டுப்போன இயற்கணிதத்தையும் புதுப் பாடத்தையும் சேர்த்துப் பிடிக்கப் பிள்ளைகள் திணறுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) பொறியியல் படிக்கக் கூடுதல் கணிதம் என்ற தனிப் பாடம் கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பயத்திலேயே பலர் பிள்ளையைப் போட்டு வதைக்கிறார்கள்.

சரி, துணைப்பாடம். 2023இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் இதற்கு 1.8 பில்லியன் வெள்ளி செலவழித்தன. எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இந்தியச் சமூகத்தின் கல்விக்கு உதவும் அமைப்பான சிண்டாவின் நிதி என்று மாதாமாதம் ஒரு தொகை பிடித்திருப்பார்கள். சம்பளத்துக்கு ஏற்ப 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. சிண்டா நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளின் கட்டணம் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, கணிதமும் அறிவியலும் அதில் உண்டு. அங்கே ஆறு மாதம் போகட்டும், அப்புறம் யோசிக்கலாம். மகன் சிங்கப்பூரர் என்பதால் எடுசேவ் என்ற அவனது கல்விச் சேமிப்புக் கணக்கிலும் அரசு ஆண்டுக்கு 290 வெள்ளி போடுகிறது. அது தனியார் துணைப்பாடத்துக்கு அல்ல, பள்ளி ஏற்பாடு செய்யும் வளப்படுத்தும் வகுப்புகளுக்கு. பள்ளியிலிருந்து அப்படிக் கடிதம் வந்தால் "இதெல்லாம் எதற்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் செயல்முறைக் கற்றல் திட்டம் உண்டு, ஏஎல்பி என்பார்கள். பல பள்ளிகளில் அது ரோபோ, மின்னணுவியல், உணவு அறிவியல் என்று போகும். இதற்குக் கைகொடுக்கத்தான் 2014இல் சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தில் தனிப் பிரிவே தொடங்கினார்கள். இலவசம் என்பதாலோ என்னவோ, மதிப்பெண் இல்லாத பொழுதுபோக்காக இதை நினைத்துவிடுகிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கு இஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை முறை இருக்கிறது. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே மாணவரின் ஆர்வத்தையும் திறனையும் பார்த்து நிபந்தனையுடன் இடம் தருவார்கள். குறைந்தபட்சத் தேர்ச்சி பிறகு வேண்டும்தான். ஆனால் அந்த நேர்காணலில் உட்கார்ந்து, தான் செய்த கருவி எங்கே பழுதானது, எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லக்கூடிய பையனுக்கு மதிப்பு அதிகம். வீட்டில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டதற்கு அவனைத் திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு.

கணிதம் ஜி3க்கு ஏறவே இல்லை என்றால்? அடித்தள ஆண்டு என்ற ஓராண்டு முன்தயாரிப்பு வழியாகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும் வழி ஜி2 மாணவர்களுக்கு இருக்கிறது. ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகமும் இருக்கிறது. அங்கே இப்போது மூன்று ஆண்டில் உயர் நைட்டெக் என்ற தொழில்நுட்பச் சான்றிதழ் வரை நேராகப் படிக்கலாம். அதன் பிறகு டிப்ளோமாவில் சேரும் 30 வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரருக்கு அரசு 5,000 வெள்ளி தருகிறது, டிப்ளோமாவை முடித்தால் மத்திய சேமநிதியில் இன்னும் 10,000 வெள்ளி போடுகிறது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த சலுகை இது. "ஐடிஇக்குப் போனால் மானம் போகும்" என்று உங்கள் மாமனார் சொல்வது எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் இந்தக் கதவுகள் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கவில்லை.

மகள் தொடக்கநிலை ஒன்றில் எண்களைக் கண்டு பயப்படுகிறாள் என்றீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கணிதத்துக்கென்று பள்ளியிலேயே கற்றல் ஆதரவு வகுப்பு உண்டு, சிறு குழுவாக. அதில் சேர்த்தால் வெட்கம் என்று மறுக்காதீர்கள்.

மகனுடைய பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு நீங்கள் இருவரும் போங்கள். "என் பையன் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "கெட்டிக்காரன், இன்னும் முயற்சி வேண்டும்" என்றுதான் பதில் வரும். கணித ஆசிரியரிடம் ஜி3க்கு மாற எந்தத் தலைப்பில் அவன் பின்தங்கியிருக்கிறான், பள்ளி எப்போது முடிவெடுக்கும் என்று கேட்டு, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு சிண்டா வகுப்புக்குப் போனால் அங்குள்ள ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியும்.