அடுக்கு டப்பா: முதலில் மூடியை வரையுங்கள்

கேள்வி: கொடுங்கையூரில் 100 டன், 150 டன் என்று இரண்டு இஞ்செக்‌ஷன் மோல்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். சொந்தமாக ஒரு பொருள் விட ஆசை. சமையலறைக்கு 150 மி.மீ. சதுரத்தில், 50, 100, 150 மி.மீ. உயரத்தில், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் டப்பா செட் போடலாம் என்று நினைத்தேன். முதலில் நடு அளவுக்கு மட்டும் மோல்டு போட்டு ட்ரயல் எடுத்தேன். மூன்று தொல்லை. மேலே இன்னொரு டப்பா வைத்தால் பத்து நாளில் மூடி குழிந்துவிடுகிறது. காலி டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் கழற்ற முடியவில்லை. வெள்ளை மூடி சரியாக உட்கார்ந்தது, அதே மோல்டில் நீல மூடி இறுக்குகிறது. மோல்டை மாற்றலாமா, புதிதாகப் போடுவதா? மற்ற இரண்டு அளவை எப்படி முடிவு செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு டப்பாவையும் எங்கள் வீட்டுக் கடப்பா கல் ஷெல்ஃபிலேயே வைத்துப் பார்த்தேன். ஒரு டப்பாவில் ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இட்லி அரிசி பிடிக்கிறது. மூன்றை அரிசியோடு அடுக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அடி மூடியின் குறுக்கே ஸ்கேலை வைத்தால் நடுவில் மூன்று மி.மீ. இடைவெளி. குறை பிளாஸ்டிக்கில் இல்லை, நல்ல பாலிப்ரொப்பிலீன்தான் (பி.பி.). டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நான்கு குட்டிக் கால்கள், நான்கும் நடுவை ஒட்டி. மேலே இருக்கும் மொத்தக் கனமும் மூடியின் தொப்புளில் போய் இறங்குகிறது. ஒரு மி.மீ. தகடு எத்தனை நாள் தாங்கும்? பி.பி.க்கு ஒரு குணம் உண்டு. கனம் அதிகமில்லை என்றாலும், அது விடாமல் உட்கார்ந்திருந்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். சூடும் சேர்ந்தால் சீக்கிரம் இறங்கும். மே மாதத்தில் நம் பக்கத்துச் சமையலறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் அடுக்குப்பானை வைத்தபோது இந்தச் சிக்கல் வரவில்லை. மேல் பானை கீழ்ப் பானையின் வாய்விளிம்பில்தான் உட்காரும், கனம் நேராகச் சுவர் வழியே தரைக்குப் போய்விடும். அடிப் பானைக்குக் கீழே ஒரு பிரிமணை, அதாவது பானை ஆடாமல் உட்கார வைக்கும் வளையம். உங்கள் டப்பாவுக்கு வேண்டியதும் அந்தப் பிரிமணைதான். அடியில் 138 மி.மீ. சதுரத்துக்கு, 4 மி.மீ. உயரத்தில் ஒரு வளையம் கொடுங்கள். மூடியின் மேல்புறத்தில் அந்த வளையம் இறங்கி உட்கார 4 மி.மீ. ஆழத்தில் ஒரு படி. அப்போது கனம் டப்பாவின் சுவரிலிருந்து 6 மி.மீ. உள்ளே மட்டும் விழும். மூடியின் நடுப்பகுதிக்கு வேலையே இல்லை.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. வளையம் சேர்ப்பது என்றால் கேவிட்டியின் (டப்பாவின் வெளிப்பக்கத்துக்கு வடிவம் தரும் மோல்டுப் பாதி) அடியில் ஒரு காடி வெட்டுவதுதான். மோல்டில் இரும்பைக் குறைப்பது சுலபம், கூட்டுவதுதான் தலைவலி. வளையத்தை ஒரு மி.மீ. கனத்துக்கு மேல் போடாதீர்கள். சுவர் ஒன்றரை மி.மீ. என்றால் அதில் பாதியிலிருந்து 60 சதவீதம் வரைதான் ரிப் (நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வரம்பு) இருக்க வேண்டும் என்பது நம் தொழிலில் பழைய கணக்கு. மீறினால் டப்பாவின் உள்ளே, அடியில், வளையம் போகும் பாதையெல்லாம் குழி விழுந்து தெரியும். கனம் தாங்கும் வளையம் என்பதால் ஒரு மி.மீ. வரை துணியலாம். நான்கு பக்கமும் சின்ன வெட்டு விடுங்கள், கழுவிக் கவிழ்த்தால் தண்ணீர் தேங்காது. இப்போது இருக்கும் குட்டிக் கால்கள் 3 மி.மீ.தான், வளையம் அதைவிட உயரம். அவற்றை அடைக்கவே தேவையில்லை.

ஆக, டப்பா மோல்டு பிழைக்கும். மூடி மோல்டைப் புதிதாகப் போடுங்கள். தட்டையான மூடியைத் திருத்தி அடுக்கு மூடி ஆக்க முயல்வது பணத்தைத் தவணையில் கரைப்பது போல. பலரும் டப்பாவை அழகாக வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் அதற்கு ஏதோ ஒரு மூடி என்று போவார்கள். நீங்களும் அப்படித்தான் போயிருக்கிறீர்கள் என்று உங்கள் உயரக் கணக்கே காட்டுகிறது.

50, 100, 150. காகிதத்தில் அழகான எண்கள். ஆனால் அடுக்கும்போது ஒவ்வொரு டப்பாவோடும் அதன் மூடியும் சேர்ந்து வருகிறதே! மூடி விளிம்புக்கு மேல் 10 மி.மீ. நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டப்பா அதில் 4 மி.மீ. இறங்கிவிடும். மீதி 6. அப்படியானால் மூன்று சின்ன டப்பா 168 மி.மீ., பக்கத்தில் ஒரு பெரிய டப்பா 156 மி.மீ. இரண்டு அடுக்குக்கு மேலே குறுக்கே எதையும் வைக்க முடியாது, பார்க்கவும் பல் போன வாய் மாதிரி இருக்கும். உங்களிடம் இருக்கும் டப்பா 100, வளையத்தோடு 104. மூடிக் கணக்கு 6 சேர்த்தால் 110. இதையே அடிப்படையாக வையுங்கள். சின்னதுக்கு 55, பெரியதுக்கு 165 என்று வர வேண்டும். எனவே டப்பாவின் மொத்த உயரம் சின்னது 49, நடு 104, பெரியது 159. இப்போது இரண்டு சின்னது ஒரு நடுவுக்கு, ஒரு சின்னதும் ஒரு நடுவும் ஒரு பெரியதுக்கு, எப்படி அடுக்கினாலும் தலை சமமாக நிற்கும்.

எங்கள் ஷெல்ஃபின் இடைவெளி 350 மி.மீ. இருந்தது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் வீடு நான்கைந்தில் டேப் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். ஆறு சின்ன டப்பா, அல்லது இரண்டு பெரியது, 330; உச்சி மூடியில் எதுவும் இறங்காததால் 4 சேர்த்து 334 மி.மீ. மேலே 16 மி.மீ. மிச்சம். மேல் டப்பாவை எடுக்க அதை 4 மி.மீ. தூக்கியாக வேண்டும், அதற்கு இடம் போதும். இதை யோசிக்காமல் ஷெல்ஃபுக்கு நெருக்கி உயரம் வைத்தால் உள்ளே தள்ளவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது.

கொள்ளளவும் நம் மளிகைக்குப் பொருந்துகிறது. ஏறக்குறைய 850 மி.லி., 2 லிட்டர், 3 லிட்டர் வரும். ஒரு கிலோ துவரம்பருப்புக்கு 1.2 லிட்டர் போல இடம் வேண்டும். வீட்டில் பழைய பருப்பு கால் கிலோ இருக்கும்போதே புது பாக்கெட்டைக் கொட்டுவார்கள். அதனால் 2 லிட்டர் சரியான அளவு. முழு பாக்கெட்டும் கொள்ளாத டப்பாவை வாங்கினால், மிச்சத்தை ரப்பர் பேண்டு போட்டு இன்னொரு மூலையில் செருக வேண்டும். அந்த வீட்டில் இன்னொரு செட் விற்காது.

இனி, ஒன்றுக்குள் ஒன்று சிக்குவது. டப்பாவின் சுவர் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கும், அதைத்தான் டிராஃப்ட் என்கிறோம். உங்களுடையது 2 டிகிரி. சுவர் ஒன்றரை மி.மீ. என்றால் மேல் டப்பா கீழ் டப்பாவுக்கு 43 மி.மீ. உயரே வரும்போது சுவரோடு சுவர் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். போதாததற்கு உள்ளே காற்று மாட்டிக்கொண்டு இழுக்கும். சரிவைக் கூட்டினால் இறுக்கம் குறையும்தான். ஆனால் 5 டிகிரிக்குப் போனால் பெரிய டப்பாவில் 17 சதவீத இடம் காலி. வட்ட டப்பாவை விட்டுச் சதுரத்துக்கு வந்ததே மூலை இடத்தை மிச்சப்படுத்தத்தான். வட்டம் அதே சதுரத்தில் 21 சதவீதத்துக்கு மேல் இடத்தை விட்டுவிடும். மூலையில் சம்பாதித்ததைச் சரிவில் தொலைப்பானேன்? யோசித்துப் பாருங்கள், டப்பா காலியாக இருப்பது குட்டியானை வண்டியில் ஏறிச் சௌகார்பேட்டை மொத்தக் கடைக்குப் போகும்வரைதான். வீட்டுக்கு வந்தபின் ஆண்டு முழுக்க அதில் ஏதாவது நிரம்பியிருக்கும். எனவே வண்டிக்காக வீட்டைக் குறைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

சரிவைத் தொடாமல் இறுக்கத்தைத் தடுக்க வழி இருக்கிறது. விளிம்புக்குக் கீழே, வெளிப்பக்கம், பக்கத்துக்கு இரண்டு சின்ன நிற்கும் ரிப். 2 மி.மீ. நீட்டினால் போதும், விளிம்பின் நிழலிலேயே மறைந்துவிடும். நீளம் 45 மி.மீ. சுவர்கள் இறுகும் முன்பே ரிப்பின் அடி கீழ் டப்பாவின் விளிம்பில் முட்டி நின்றுவிடும், காற்றும் போய்வரும். இதுவும் கேவிட்டியில் காடி வெட்டும் வேலைதான். உள்ளே ரிப் வைக்கலாமே என்று மோல்டு போடுபவர் சொல்வார். வேண்டாம். அந்த இடுக்கில் மிளகாய்த்தூள் ஏறினால் எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது.

மற்ற இரண்டு அளவுக்கும் அதே 2 டிகிரியைக் கொடுத்துவிடாதீர்கள். சின்ன டப்பாவின் உடல் 45 மி.மீ.தான், 43-இல் இறுகினால் அது உள்ளே போனதாகவே அர்த்தம் இல்லை. அதற்கு 5 டிகிரி, பெரியதுக்கு ஒன்றரை டிகிரி. அப்படி வைத்தால் அடிப்பக்கம் மூன்றுக்குமே 142, 143 மி.மீ.க்குள் வந்து நிற்கும். ஒரே வளையம், ஒரே மூடி மூன்றுக்கும் பொருந்தும். ரிப்பின் நீளம் மட்டும் சின்னதுக்கு 19, பெரியதுக்கு 59 என்று மாறும்.

நீல மூடி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதில் எல்லோரும் ஒருமுறையாவது அடிபட்டிருப்போம். பி.பி. குளிரும்போது நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டரை வரை சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை நிறமியும் கொஞ்சம் தீர்மானிக்கும். தாலோசயனின் வகை நீலமும் பச்சையும் பி.பி. குளிரும்போது படிகங்கள் உருவாக வித்தாகிவிடும், சுருக்கம் மாறும், சில சமயம் மூடி முறுக்கிக்கொள்ளும். 150 மி.மீ. மூடியில் சுருக்கம் 0.3 சதவீதம் மாறினால் பக்கத்துக்குக் கால் மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. டப்பாவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் உங்கள் மூடியின் லாக்கே அரை மி.மீ.தான். வெள்ளையில் சரியாக இருந்ததும் நீலத்தில் இறுக்குவதும் இதனால்தான். மெஷினை விட்டு வந்ததும் சூட்டோடு அளக்கவும் கூடாது, 24 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

நீலமே வேண்டும் என்றால் மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்கில் கலக்கும் நிறக் குருணை) கடையில் அல்ட்ராமரைன் நீலம் கேட்டுப் பாருங்கள். அது கனிம நிறமி, சுருக்கத்தில் இந்த அளவுக்கு விளையாடாது. ஒரு காலத்தில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப் பொடி இதுதான். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே இருந்துகொண்டு நீலத்துக்காக நீங்கள் அலைவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

புது மூடியின் லாக்கை முதலில் 0.3 மி.மீ.க்கு மட்டும் வெட்டச் சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். நான்கு பக்கத்தின் நடுவில் மட்டும் லாக் இருக்கட்டும், மூலைகளில் வேண்டாம். மூலை விறைப்பாக நிற்கும் இடம், அங்கேயும் லாக் வைத்தால் ஈரக் கையோடு திறக்கிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள். திறக்கும் நாக்கையும் அந்த மூலையிலேயே வையுங்கள். மூலை வளைவு 25 மி.மீ. ஆரம் என்றால், சதுரத்தின் உண்மையான முனைக்கும் வளைவுக்கும் நடுவே 10 மி.மீ. சும்மா கிடக்கிறது. நாக்கு அதற்குள் அடங்கிவிடும், பக்கத்து டப்பாவில் இடிக்காது. மூலையிலிருந்து உரிக்கிற மாதிரி திறந்தால் வலு தேவைப்படாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டப்பாவில் சர்க்கரை போட்டு சிங்க் ஓரம் வைத்தேன். காலையில் எறும்பு. எந்த வழியாகப் போகிறது என்று குனிந்து பார்த்தால், பக்கத்தின் நடுவில் வரிசை போகிறது, மூலையில் ஒன்றுகூட இல்லை. ஸ்கேலைச் சுவரோடு ஒட்டிப் பார்த்தேன், நடுவில் ஒரு மி.மீ. உள்வாங்கியிருக்கிறது. மூலையின் உட்பக்கம் சூடு தங்கிக் கடைசியில் குளிர்வதால் பக்கங்களை உள்ளே இழுக்கிறது. இருக்கிற மோல்டில் கோரின் (டப்பாவின் உட்பக்கத்துக்கு வடிவம் தரும் பாதி) மூலைகளுக்குத் தண்ணீர் நன்றாகப் போகிறதா என்று பாருங்கள். புது மோல்டுகளில் பக்கங்களை முதலிலேயே ஒரு மி.மீ. வெளியே புடைத்தாற்போல் வரைந்துவிடுங்கள், சுருங்கியபின் நேராகிவிடும். எறும்புக்காகச் சிலிக்கோன் ரிங் போடலாமா என்று தோன்றும். உலர் மளிகைக்கு அது அவசியமில்லை. நம் ஈரக்காற்றில் ரிங் கறுத்துப்போகும், அப்புறம் தொலைந்தும் போகும்.

பெரிய டப்பாவுக்கு மோல்டு போடும் முன் 150 டன் மெஷினின் திறப்பை அளந்துவிடுங்கள். கோரிலிருந்து 159 மி.மீ. டப்பா கழன்று கீழே விழ, மோல்டின் தடிப்பு போக, 350 மி.மீ.யாவது திறக்க வேண்டும். டன் போதும், திறப்பு போதாது என்று மோல்டைத் திருப்பி எடுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். டப்பாவைக் கழற்ற ஊசி மாதிரி எஜெக்டர் பின்களை வைத்துத் தள்ளாமல், விளிம்பு முழுக்கச் சேர்த்துத் தள்ளும் ஸ்ட்ரிப்பர் பிளேட்டும் கோரின் தலையில் காற்று வால்வும் கேளுங்கள்.

பொருள் இந்தியத் தர விதி ஐ.எஸ். 10910-க்கு உட்பட்ட உணவுத் தர பி.பி. ஆக இருக்கட்டும், மாஸ்டர்பேட்ச்சும் உணவுத் தரமே. வெளியில் வாங்கும் அரைத்த ஸ்க்ராப் இதில் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். ஐ.எஸ். 9845 முறைப்படி டப்பாவிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள் கிலோவுக்கு 60 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. இந்த மாதிரிச் சோதனைகளுக்குக் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது.

முதலில் மூடி மோல்டு, கூடவே பழைய டப்பா மோல்டில் வளையமும் ரிப்பும். இவை சரியாக வந்தபின் சின்னது, அப்புறம் பெரியது. மூடியின் ட்ரயலை விற்கப்போகும் நீலத்திலேயே எடுங்கள், வெள்ளையில் வேண்டாம். ஒரு நாள் ஆறவிட்டு, டப்பாவை மூடி, மேலே வளையம் பொருந்திய இன்னொரு டப்பாவில் 10 கிலோ கனம் ஏற்றி, வெயில் படும் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். ஸ்கேல் வைத்தால் மூடி நடுவில் ஒரு மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் எனக்கு அந்த மூடியை மட்டும் அனுப்புங்கள்.