மசில்லோடர் ஸ்டாக்ல விரிசலா? கேளுங்க, சொல்றேன்

மசில்லோடர்ங்கிறது பேரல் (குழல்) வாய்வழியா வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி, ஸ்டாக்ங்கிறது அதோட மரக்கட்டை. அதை வச்சிருக்கவங்க கேட்ட கேள்விகளுக்கு இங்க பதில் போட்டிருக்கேன். எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள மருந்து இருக்கான்னு பாத்துருங்க. ராம்ராடை (மருந்தை இடிச்சு இறக்குற நீளக் கோல்) அடி வரைக்கும் விட்டு வாய்கிட்ட கோடு போட்டு, வெளிய எடுத்து பேரல் மேலயே வச்சுப் பாருங்க, நெருப்பு போற துளை வரைக்கும் எட்டலைன்னா உள்ள ஏதோ கெடக்கு. கருமருந்து எத்தனை வருஷம் ஆனாலும் வெடிக்கும்.

கே: அண்ணா, பிரவுன் பெஸ் (பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி) ரெப்ளிகா. டாங்குக்கு (பேரலோட பின்முனையில நீளுற இரும்பு நாக்கு) பின்னாடி முடி மாதிரி ஒரு விரிசல். ஒட்டிட்டா போதும்ல?

போதாது தம்பி. ஒட்டுறது பாதி வேலைதான், ஏன் விரிஞ்சதுன்னு பாக்கலைன்னா மறுபடி விரியும். சுடும்போது உதையை வாங்க வேண்டியது பேரலோட பின்முகம், அது மரத்துல முழுசா உக்காரணும், அங்க சந்து இருந்தா மொத்த உதையும் டாங் நுனி வழியா ஆப்பு மாதிரி மரத்துக்குள்ள இறங்கும். பின்முகத்துல விளக்குக்கரி தடவி உக்கார வச்சு எடுங்க. மரத்துல கரி ஒட்டாத எடம்தான் தொடாத எடம். அங்க எபாக்சி பெட்டிங் (பேரல் சரியா உக்கார பசையால போடுற படுகை) போட்டு நிரப்புங்க. இரும்புல மொதல்ல மெழுகு தேய்ச்சிருங்க, இல்லன்னா பேரல் வெளிய வராது. டாங் நுனிக்குப் பின்னால மட்டும் ஒரு தாள் கனத்துக்கு சந்து விடணும்.

கே: சார், ஏலத்துல எடுத்த 1861 ஸ்பிரிங்ஃபீல்டு. லாக் (சுடுற விசைப்பொறி) பக்கம் மரம் கறுத்து மெத்துன்னு இருக்கு, பசை பிடிக்கவே மாட்டேங்குது.

எண்ணெய் ஊறிப்போன வால்நட் அது. எண்ணெய் போட்டு வாய் மேல பாக்க நிறுத்தி வச்சா எல்லாம் கீழ வடிஞ்சு லாக் பக்கத்து மரத்துலதான் சேரும், அதனால கொஞ்ச நாள் வாய் கீழ பாக்க வைக்கணும். இப்ப சாக் பவுடரை அசிட்டோன்ல கொழச்சு உள்பக்கம் மட்டும் அப்புங்க, காஞ்சு மஞ்சளாச்சுன்னா தட்டிட்டு மறுபடி, வெள்ளையாவே காயுற வரைக்கும். ஜன்னல் திறந்திருக்கணும், கிட்ட நெருப்பு கூடாது. இது அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்துச் சொத்து, சுடப் போறதில்லைன்னா எபாக்சி வேண்டாம், தோல் பசை (மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்குற பசை) போடுங்க, வெந்நீர்ல பின்னாடி பிரிச்சுக்கலாம். உப்புத்தாள் போடவே போடாதீங்க, இடது பக்கத்துல இருக்க, துப்பாக்கியைச் சோதிச்ச இன்ஸ்பெக்டரோட முத்திரை அழிஞ்சா திரும்ப வராது.

கே: எபாக்சி விரிசலுக்குள்ள எறங்கலையே?

5 நிமிஷத்துல காயுறதை விடுங்க, 24 மணி நேரம் எடுக்குறதை வாங்குங்க. ஹேர் டிரையரால மரத்தை லேசா சூடாக்குனா தண்ணியா ஓடும், விரிசலை மெல்ல வளைச்சுத் திறந்து திறந்து மூடுங்க, மறுபக்கம் துளி துளியா எட்டிப் பாத்தா உள்ள நிறைஞ்சிருச்சு. வளைவான எடத்துல கிளாம்ப் நிக்காது, சைக்கிள் டியூப்பை நீளமா கிழிச்சு இழுத்துச் சுத்துங்க. வழிஞ்சதை வினிகர் துணியால உடனே தொடைங்க.

கே: கைப்பிடி ரெண்டா உடைஞ்சே போச்சு ப்ரோ.

ஒட்டு மட்டும் தாங்காது. குறுக்க இல்லாம நீளவாக்குல, மரை போட்ட பித்தளைக் கம்பி ஒண்ணை லாக் குழிக்குள்ள இருந்து சாய்வா எறக்குங்க, வெளிய தெரியாது. வட அமெரிக்க சமவெளிப் பழங்குடிகள் பச்சைத்தோலை ஈரமா சுத்தித் தைச்சாங்க, காயும்போது அது சுருங்கி இறுக்கிப் பிடிச்சுக்கும். ரொம்ப அழகான வேலை அது.

கே: கென்டக்கி ரைஃபிள் (பழைய அமெரிக்க நீளக் குழல் துப்பாக்கி), மேப்பிள் ஸ்டாக். இன்னும் விரியல, விரியாம வச்சுக்கணும்.

பேரலை மரத்தோட பிடிக்கிற பின் (சின்ன ஆணி) போற லக் (பேரலுக்கு அடியில இருக்க காது) ஓட்டை வட்டமா இருந்தா நீளவாக்குல கொஞ்சம் அராவி விடுங்க, ஈரத்துக்கு மரம் அசைய எடம் வேணும். வெளிய மட்டும் இல்லாம பேரல் பள்ளம், லாக் குழி, பட் பிளேட்டுக்கு (தோள்ல படுற பின்பக்கத் தகடு) அடியிலயும் லின்சீட் ஆயில் லேசா தேய்ங்க. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் பின்னைப் புடுங்காதீங்க, ஓரம் சிதறும். லாக் ஸ்க்ரூ, லாக் ஆடாத அளவுக்கு இறுகுனா போதும்.