முடிச்சுக்குக் கீழே

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். அறையில் உடன் தங்கியிருப்பவன் எலத்தகிரிக்காரன், கத்தோலிக்கன். "இயேசு வெறும் போதகர். 325இல் நிசேயாவில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்திக் கடவுளாக்கிவிட்டார்" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். நான் சொன்னது சரிதானே? 'நான் கடவுள்' என்று இயேசு தன் வாயால் சொன்னாரா? அவரும் ஓர் அவதாரம்தானே?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

சிரிப்போடு விட்டாரே, நல்ல மனுஷன். யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்ததை வைத்துக்கொண்டு, பாட்டன் காலத்திலிருந்து ஒரு குடும்பம் சொல்லிவரும் விசுவாசத்தைப் பாயில் உட்கார்ந்தபடி உடைக்கப் போனீர்களாக்கும்.

சுமார் 112இல் பித்தினியா (இன்றைய துருக்கியில்) ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதுகிறார்: இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள். நிசேயா அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஆயர்களின் சங்கம் அங்கே கூடியது இருநூறு வருஷம் கழித்து. அங்கே நடந்த சண்டையும் நீங்கள் நினைப்பதல்ல. குமாரன், அதாவது இயேசு, உலகத்துக்கு முந்தியவர் என்பதை எதிர்த்தரப்புக் குரு ஆரியுஸும் ஒப்புக்கொண்டார். ஆனால் படைக்கப்பட்டவர் என்றார். அதற்கு மறுப்பாகத்தான் 'உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்' என்று உங்கள் நண்பர் பூசையில் சொல்கிறார். கடைசிவரை கையெழுத்துப் போடாத ஆயர்கள் இரண்டே பேர். தன் வாயால் சொன்னாரா என்பதற்கு யோவான் 10ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஊட்டிவிட என்னால் ஆகாது.

நான் விசுவாசி அல்ல. ஆனாலும் உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், வீட்டுச் செந்தூரா ஒட்டு மாமரத்தின் அடியில் கிளம்பியிருந்த காட்டுத்தளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

பள்ளி விடுமுறையில் சந்தூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் கூலிக்குப் போவேன். ஒட்டுக் கட்டுவதில் கை தேர்ந்த கிழவர் ஒருவர் அங்கே இருந்தார், கழுத்தில் ஜெபமாலை. நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றை ஒரு சாண் விட்டு வெட்டுவார். நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய செந்தூராக் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவை இழுத்துச் சுற்றுவார். பிசின் ஒட்டிக் கட்டைவிரல் எப்போதும் கறுத்திருக்கும்.

"ரெண்டு மரம், ஆனா ஒரே மரம். கீழ நாடு நாடாவே இருக்கும், மேல செந்தூரா செந்தூராவே இருக்கும். கலந்து மூணாவதா ஒண்ணு காய்க்காது. எங்க சாமியும் அப்படித்தான் கண்ணு."

451இல் கால்சிதோன் சங்கம் கிறிஸ்துவின் இரண்டு இயல்புகளைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: கலப்பின்றி, மாற்றமின்றி, பிளவின்றி, பிரிவின்றி. இதை வாசித்தபோது எனக்கு நாற்பது வயது. அந்தக் கறுத்த விரல்தான் கண்ணுக்கு முன் வந்தது.

ஆனால் உவமை ஓரிடத்தில் உதைக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். முடிச்சுக்குக் கீழே நாட்டுத்தளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும், விட்டால் செந்தூராவை அமுக்கிவிடும். இயேசுவில் அந்தத் தளிர்கள் கிள்ளப்படவில்லை! கிணற்றங்கரையில் களைத்து உட்காருகிறார். புயலில் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். லாசருவின் சாவுக்கு அழுகிறார். உலகம் முடியும் நாளைப் பற்றி 'அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது' என்கிறது மாற்கு 13. அவதாரம் என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்களே, நம்மூர்க் கதைகளில் எந்த அவதாரத்தை இப்படித் தெரியாது என்று சொல்லவிடுவோம்? பக்தர்களுக்கே அது பொறுக்கவில்லை. மத்தேயு 24இல் அதே வாக்கியம் வருகிறது. பழைய பிரதிகள் சிலவற்றில் 'குமாரனும்' இருக்கிறது, பிற்காலப் படிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. அறிஞர்கள் வாதாடட்டும். யாரோ ஒரு நல்ல பக்தர் பிரதி எடுக்கும்போது கிள்ளியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆரியுஸ் ஒருபக்கம் செந்தூராவைக் குறைத்தார், இவர்கள் மறுபக்கம் நாட்டை. இரண்டையும் முழுசாக விட்டுவைத்ததில்தான் அந்த நம்பிக்கையின் துணிச்சல் இருக்கிறது. நீங்கள் அடிக்கப் போவதாக இருந்தால் அங்கே அடித்திருக்க வேண்டும், ஓட்டெடுப்பில் அல்ல.

அன்றே கிழவரிடம் கேட்டேன்: "அப்ப உங்க சாமிக்குக் கீழ தளிர் வந்தா கிள்ளுவீங்களா தாத்தா?"

கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஃபாதரக் கேளு. இப்ப அந்த நாடாவ எடு, குச்சி காயுது."