ரகசியம், அந்தரங்கம், ஒளிவுமறைவு: மூன்றும் ஒன்றா?

ஒன்றல்ல. 'ரகசியம்' என்ற சொல் வடமொழி 'ரஹஸ்' என்பதிலிருந்து வந்தது, அதற்குத் தனிமை, ஆளில்லாத இடம் என்று பொருள். தமிழில் 'மறை' என்றால் ஒளிப்பதும்தான், வேதமும்தான்!

குளியலறைக்குள் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தாழ்ப்பாள் போடுகிறோம், அது அந்தரங்கம். கடன் நோட்டீஸை நாலாக மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் செருகிவிட்டு, மனைவி கேட்டால் 'ஒன்றுமில்லையே' என்பது ஒளிவுமறைவு, ஏனென்றால் நாளைக்கு வீடு ஏலத்துக்குப் போனால் அவரும்தான் தெருவில் நிற்க வேண்டும். தெரியாமல் இருப்பதால் அடுத்தவருக்கு நஷ்டமா என்றுதான் நான் பார்ப்பேன்.

அப்புறம், ஒன்றை மறைத்து வைப்பதால் வரும் மனபாரம். கேட்கும்போது மழுப்புவது சில நொடி வேலை, ராத்திரி படுத்தபின் அதுவே திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறதே, ஆளை அரிப்பது அதுதான்.